இறாலைத் திருப்பி வைத்தவர்

எங்கள் வீட்டில் இறால் துப்பரவு செய்வது என் வேலை. ஓட்டைக் கழற்றி, முதுகைக் கத்தியால் கீறி, உள்ளே ஓடும் கறுப்பு நூலை இழுத்தெடுக்க வேண்டும். உம்மா அதை நரம்பு என்றுதான் சொல்வா. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது குடல் என்று தெரிந்தது. இறாலின் நரம்புநாண் வயிற்றுப் பக்கமாக ஓடுகிறது. மீனுக்கும் தவளைக்கும் நமக்கும் அது முதுகுப் பக்கம்.

முதுகுப்புறத்தில் குழாய் போன்ற நரம்புநாண் இருப்பது கோடேற்றாக்களின் சிறப்பியல்பு என்று குறிப்பெழுதி மனனம் செய்தேன். இந்த ஒரு வரிக்காகத் தன் உற்ற நண்பரையே இழந்த ஒருவர் இருந்தார் என்பதைப் பின்னர்தான் வாசித்தேன். அவர் பெயர் எத்தியேன் ஜொப்ருவா செந்தீலேர்.

1772இல் பிரான்சில், பாரிசுக்குத் தெற்கேயுள்ள எதாம்ப் என்னும் ஊரில் பிறந்தார். பாதிரியாராக வேண்டும் என்பதே வீட்டாரின் விருப்பம். அவருடைய மனமோ இயற்கை விஞ்ஞானத்தில் இருந்தது. 1792இல் புரட்சிக்காரர் பாதிரிமாரைப் பிடித்துச் சிறையிலடைத்தபோது அவருடைய ஆசிரியர்களும் அகப்பட்டார்கள். இருபது வயது மாணவரான ஜொப்ருவா இரவில் ஏணியோடு போய்ச் சிறை மதிலருகே காத்திருந்து பன்னிரண்டு பேரைத் தப்ப வைத்தார். விஞ்ஞானியின் வரலாற்றைத் தேடிப் போன எனக்கு இந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது.

மறு ஆண்டே, 21 வயதில், பாரிஸ் இயற்கை வரலாற்று நூதனசாலையில் விலங்கியல் பேராசிரியரானார். நோர்மண்டியில் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஜோர்ஜ் குவியே என்ற இளைஞரின் திறமையைக் கேள்விப்பட்டு அவரைப் பாரிசுக்கு அழைத்தவரும் இவரே. இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். சேர்ந்தே கட்டுரைகள் எழுதினார்கள்.

1798இல் நெப்போலியனின் படையோடு எகிப்துக்குப் போனார். அவர் படையெடுத்தவர்களுடன் போனவர் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அதே ஆண்டு கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அந்தப் படையின் பீரங்கிகள் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலையும் தாக்கின. ஜொப்ருவா நைல் நதி மீன்களையும், பண்டைய கல்லறைகளில் பதனிட்டு வைத்திருந்த பறவைகளையும் சேகரித்தார். 1801இல் பிரெஞ்சுப் படை தோற்றதும் அந்தச் சேகரிப்பை ஆங்கிலேயர் கேட்டார்கள். கொடுப்பதைவிட எரித்துவிடுவோம் என்று இவர் மிரட்டினார். அவர்கள் விட்டுவிட்டார்கள்.

இனி இறால் கதைக்கு வருகிறேன். எல்லா விலங்குகளும் ஒரே திட்டத்தின்படி அமைந்தவை என்பது ஜொப்ருவாவின் எண்ணம். குவியேயோ 1812இல் விலங்குகளை நான்கு பெரும் பிரிவுகளாக வகுத்து, ஒன்றுக்கும் மற்றதற்கும் அமைப்பில் தொடர்பில்லை என்றார். அப்படிப் பிரிப்பதற்கு அவர் முக்கியமாகப் பார்த்தது நரம்புத் தொகுதியைத்தான். முதுகில் நரம்புநாண் உள்ள விலங்கும் வயிற்றில் உள்ள விலங்கும் எப்படி ஒன்றாகும்?

1822இல் ஜொப்ருவா ஒரு சிங்க இறாலை வெட்டி, மல்லாக்கக் கிடத்திப் பார்த்தார். இப்போது நரம்புநாண் மேலே வந்தது. அதன் கீழே குடல், குடலுக்கும் கீழே இதயம். முள்ளந்தண்டு விலங்கிலும் மேலிருந்து கீழாக இதே ஒழுங்குதான். உறுப்புகள் இடம் மாறவில்லை, உடல்தான் கவிழ்ந்திருக்கிறது என்று எழுதினார். இதை வாசித்த அன்று என் கரப்பான் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

அவர் சொன்னதெல்லாம் சரியென்று நான் சொல்லவில்லை. பூச்சியின் ஓடும் நமது முள்ளந்தண்டென்பும் ஒன்றே, ஆகவே பூச்சி தன் முள்ளந்தண்டுக்குள்ளேயே வாழ்கிறது என்றும் அவர் எழுதினார். அது துணிச்சல் எல்லை மீறிய இடம். 1830இல் கணவாயையும் முள்ளந்தண்டு விலங்கையும் ஒப்பிட்ட இரு இளைஞரின் கட்டுரையை அவர் விஞ்ஞானக் கழகத்தில் ஆதரித்துப் பேசியபோது, குவியே படங்களோடு வந்து எல்லோர் முன்னிலையிலும் மறுத்தார். வாதம் வாரக்கணக்கில் நீண்டது. கணவாய் விடயத்தில் குவியேயின் பக்கமே ஆதாரம் இருந்தது. பலர் ஜொப்ருவா தோற்றார் என்றே எண்ணினார்கள். ஜெர்மனியில் முதிய கவிஞர் கேத்தே மட்டும், அந்த ஆண்டு பிரான்சில் வெடித்த புரட்சியைவிட இந்த விவாதமே பெரிய செய்தி என்று கருதி, ஜொப்ருவாவின் பக்கம் நின்று எழுதினார்.

1832இல் குவியே இறந்தார். 1840இல் ஜொப்ருவாவின் கண்பார்வை போனது. தொடர்ந்து பக்கவாதமும் வந்தது. மறு ஆண்டு பதவியை விட்டார். 1844 ஜூன் 19இல் பாரிசில் காலமானார். சிங்க இறால் கதை வேடிக்கையாகவே பேசப்பட்டு வந்தது.

ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழிந்தன. பழ ஈயின் வயிற்றுப்புறத்தில் நரம்புத் தொகுதி உருவாகும் பகுதியில் ஒரு மரபணு தொழிற்படுகிறது. தவளை முளையத்திலும் அதற்கு இணையான மரபணு உண்டு, ஆனால் முதுகுப்புறத்தில். ஈயின் மரபணுச் செய்தியைத் தவளை முளையத்தில் செலுத்தியபோது அங்கே முதுகுப்புற இழையங்கள் உருவாகின. 1996இல் டி ரொபேர்ட்டிஸ், சசாய் என்ற இருவர் இவற்றையெல்லாம் தொகுத்து, ஜொப்ருவாவின் பழைய எண்ணத்தை மீண்டும் முன்வைத்தார்கள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. கடலடி மணலில் வாழும் அக்கோன் புழுவுக்கு முதுகில் ஒரு நரம்புநாணும் வயிற்றில் ஒன்றும் இருக்கின்றன. அதை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

உம்மாவிடம் இறாலின் நரம்பு எங்கே இருக்கிறது என்று காட்டினேன். அதையும் எடுக்க வேண்டுமா என்று கேட்டா.