ஸ்டேஷனுக்குப் பெயரான மனிதர்

பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள் நாம். பம்பாயை விட்டுக் கிராமத்துக்குப் போய்ப் பலருக்குப் பிழைப்பைத் தந்தவர் லட்சுமணராவ் கிர்லோஸ்கர்.

1869-ல் பெல்காம் ஜில்லாவில் பிறந்தார். ஓவியம் கற்கப் பம்பாய் வந்தார். நிறங்களைப் பிரித்தறிவதில் கண்ணில் குறை இருந்ததால், யந்திர வரைபடம் பயின்று தொழிற்பள்ளியில் ஆசிரியரானார். தமக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஆங்கிலோ இந்தியர் ஒருவருக்குப் போகவே, வேலையை உதறிவிட்டுப் பெல்காம் திரும்பினார்.

அங்கே சைக்கிள் கடை. பிறகு தீவனம் நறுக்கும் கருவி, இரும்புக் கலப்பை. இரும்பு பட்டால் மண் கெட்டுவிடும் என்று விவசாயிகள் அஞ்சினர். முதல் கலப்பையை விற்க 2 வருஷம் பிடித்தது. அவர் தளரவில்லை.

பட்டறை இருந்த இடத்தைக் காலி செய்யுமாறு பெல்காம் நகரசபை உத்தரவிட்டது. அப்போது அவுந்த் சமஸ்தான மன்னர் கைகொடுத்தார். குண்டல் ரோடு ஸ்டேஷன் அருகே 32 ஏக்கர் தரிசு நிலமும் கடனும் தந்தார். கள்ளியும் பாம்பும் மண்டிய அந்த இடத்தில் 1910-ல் தொழிற்சாலையோடு குடியிருப்பும் எழுந்தது. சுற்றுக் கிராமத்து இளைஞர்கள் வேலை கற்றார்கள். சிறை சென்று வந்தவர்களையும் நம்பிக் காவலுக்கு வைத்தார்.

1956-ல் அவர் காலமானார். புனே – மிரஜ் பாதையில் உள்ள அந்த ஸ்டேஷனின் இன்றைய பெயர் கிர்லோஸ்கர்வாடி.

வேலை ஊருக்கு வந்தால், பிள்ளைகள் ரயிலேற வேண்டியதில்லை. நம் ஊர்ப் பக்கமும் அப்படி ஒருவர் புறப்படட்டும்.