செவி இழந்த மகாகவி வள்ளத்தோள்

ஆனைகட்டியில் எல்லையைத் தாண்டி, அட்டப்பாடி மலைப்பாதையில் இறங்கி, மண்ணார்க்காடு வழியாக ஷொரணூர் போகிறவர்கள் பாரதப்புழையைக் காண்பார்கள். ஆற்றின் அக்கரையில் இருக்கும் ஊர் செறுதுருத்தி. அந்தப் பக்கத்து ரெயில் நிலையத்தின் பெயர் வள்ளத்தோள் நகர். ஒரு கவிஞரின் பெயரைத் தாங்கி நிற்கும் நிலையம் அது.

செறுதுருத்தியில்தான் புகழ் பெற்ற கேரள கலாமண்டலம் இருக்கிறது. செண்டையும் மத்தளமும் அங்கே முழங்குகின்றன. நாட்டின் பல பாகங்களில் இருந்தும், வெளிநாடுகளில் இருந்தும் வந்து கதகளி கற்கிறார்கள்.

அந்தக் கலைக்கூடத்தை உருவாக்கிய மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனனுக்குக் காது கேளாது. 30 வயதை ஒட்டி அவருடைய செவிப்புலன் மங்கியது. கலாமண்டலம் தொடங்கியபோது, அவர் ஏறக்குறைய 20 ஆண்டுகளாக ஓசை இல்லாத உலகில் வாழ்ந்து கொண்டிருந்தார்.

வைத்தியம் கற்ற இளைஞர்

வள்ளத்தோள் 1878-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி பிறந்தார். ஊர், திரூரை அடுத்த சேன்னர. அன்று அது சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. தந்தை தாமோதரன் இளையது. தாயார் குட்டிப்பாரு அம்மா.

அவர் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்ப் படித்தவர் அல்ல. பழைய முறையில் வடமொழி கற்றார். தாய்மாமன் ராமுண்ணி மேனன் அவருக்குக் காவியங்களைச் சொல்லிக் கொடுத்தார். வாக்படர் இயற்றிய 'அஷ்டாங்க ஹிருதயம்' என்ற ஆயுர்வேத நூலையும் கற்பித்தார். மாமனின் வைத்தியத் தொழிலுக்கு மருமகன் துணையாக இருந்தார். ஆக, கவிஞர் என்று ஊர் அறிவதற்கு முன்பே அவர் நோயும் மருந்தும் அறிந்தவராகி விட்டார்.

1901-ம் ஆண்டு சித்தழி மாதவி அம்மாவை மணந்தார். பிறகு திருச்சூருக்குக் குடிபெயர்ந்தார். 1905-ம் ஆண்டு அங்குள்ள கல்பத்ருமம் அச்சகத்தில் மானேஜர் வேலை கிடைத்தது. அந்தக் காலத்திலேயே வால்மீகி ராமாயணம் முழுவதையும் மலையாளத்தில் மொழிபெயர்த்தார். 1907-ம் ஆண்டு அந்தப் பெரும் பணி முடிந்தது. அப்போது அவருக்கு வயது 30-கூட ஆகவில்லை.

மங்கிய செவி

அச்சக வேலையில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் காது மந்தமாகத் தொடங்கியது. குடும்பம், வேலை, கவிதை எல்லாம் ஒரு நிலைக்கு வரும் வயதில் அந்த இடி விழுந்தது.

வேறு ஒருவராக இருந்தால் வைத்தியரைத் தேடிப் போய், அவர் சொல்வதைக் கேட்டுக் கொண்டு வந்திருப்பார். வள்ளத்தோளின் நிலை வேறு. காது நோய்களைப் பற்றி நூலில் என்ன எழுதி இருக்கிறது என்பது அவர் படித்த பாடம்.

அஷ்டாங்க ஹிருதயம் காது நோய்களை 25 வகையாகப் பிரிக்கிறது. காதில் தானாக எழும் இரைச்சலை 'நாதம்' என்கிறது. கேளாமையை 'பாதிர்யம்' என்கிறது. இரைச்சலைக் கவனிக்காமல் விட்டால், முதலில் உரத்த குரல் மட்டும் சிரமப்பட்டுக் கேட்கும் என்றும், படிப்படியாகச் செவிடு வந்து சேரும் என்றும் அது எச்சரிக்கிறது. நாள்பட்ட கேளாமையைக் குணப்படுத்த முடியாதவற்றின் வரிசையில் வைக்கிறது. நூலைக் கற்ற ஒருவர், தன் காதிலேயே அந்தப் பாடம் நடப்பதைக் கண்டார். இழந்த செவி திரும்பவில்லை.

பெயர் தெரியாத நோய்

மேல்நாட்டு வைத்தியமும் அப்போது அதிக தூரம் போயிருக்கவில்லை. தலைசுற்றல், இரைச்சல், கேளாமை மூன்றும் சேர்ந்து வருவதற்கு உட்செவியே காரணமாகலாம் என்று பாரிஸ் டாக்டர் மெனியேர் 1861-ம் ஆண்டுதான் எடுத்துச் சொன்னார். அதற்கு முன் அது மூளைக் கோளாறு என்றே பலரும் நம்பினார்கள்.

'கலிவரின் யாத்திரை' எழுதிய ஜோனதன் ஸ்விப்ட் 50 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொல்லையை அனுபவித்தார். இளமையில் ஆப்பிள் பழங்களை அளவுக்கு மீறித் தின்றதால் தலைசுற்றல் வந்தது என்றும், குளிர் தாக்கியதால் காது போயிற்று என்றும் அவராகவே ஒரு காரணம் வைத்துக் கொண்டார். கடைசிக் காலத்தில் அவரைப் பைத்தியம் என்றார்கள். 1745-ம் ஆண்டு அவர் இறந்தார். அவருக்கு இருந்தது மெனியேர் நோய் என்று டாக்டர்கள் எழுதியபோது, அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகி விட்டது.

இசை மேதை பீத்தோவன் 30 வயதுக்கு முன்பே செவி மந்தமாகி, பல டாக்டர்களை நாடி அலைந்தார். அவருடைய தலைமுடியில் இருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகளாலும், 2023-ம் ஆண்டில்கூட, அவர் செவிடான காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வள்ளத்தோளின் காது மங்கிய நாட்களில், செவிப்புலனை அளக்கும் மின்சாரக் கருவி மருத்துவர்களிடம் இல்லை. கடிகாரத்தின் டிக் டிக் ஓசை, இசைக்கவை, டாக்டரின் முணுமுணுப்பு இவைதான் சோதனை. கோளாறு செவிப்பறையிலா, உள்ளே உள்ள சிறு எலும்புகளிலா, நரம்பிலா என்பதைக் கணக்காகச் சொல்வது அரிது. எனவே அந்த நோய்க்கு இன்று உட்கார்ந்து கொண்டு ஒரு பெயர் சூட்டுவது நியாயம் ஆகாது.

புலம்பல் ஒரு காவியம் ஆனது

1910-ம் ஆண்டு அவர் 'பதிர விலாபம்' என்ற கவிதை நூலை வெளியிட்டார். காது கேளாதவனின் புலம்பல் என்பது அதன் பொருள். தன் துன்பத்தை ஒளித்து வைக்காமல், அதையே பாடுபொருள் ஆக்கினார்.

செவிடு என்றால் கேலி செய்வது நம் நாட்டில் பழைய வழக்கம். நாடகத்திலும் கதையிலும் செவிடன் சிரிப்புக்கு உரியவன். படித்த மனிதர், ஊரறிந்த கவிஞர், என் காது போயிற்று என்று நாடறிய எழுதியது சாதாரண செயல் அல்ல. அந்தப் புலம்பலோடு அவர் எழுத்து நின்று விடவும் இல்லை. அடுத்து 'சித்ரயோகம்' என்ற மகாகாவியம் வந்தது. 'சாகித்ய மஞ்சரி' என்ற கவிதைத் தொகுதிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. பத்திரிகை ஆசிரியராகவும் பணி ஆற்றினார். மகாத்மா காந்தியைத் தம் குருநாதராகப் போற்றிப் பாடினார். 1922-ம் ஆண்டு இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த வேல்ஸ் இளவரசர் அளிக்க இருந்த கவுரவத்தை வேண்டாம் என்று மறுத்தார்.

குமாரன் ஆசான், உள்ளூர் பரமேசுவர ஐயர், வள்ளத்தோள் மூவரும் நவீன மலையாளக் கவிதையின் மும்மூர்த்திகள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் வழங்கி வருகிறது. கருத்தின் ஆழத்துக்கு ஆசான் பெயர் பெற்றார். சொல்லின் மிடுக்குக்கு உள்ளூர் பெயர் பெற்றார். வள்ளத்தோளுக்குக் கிடைத்த பட்டம் 'சப்த சுந்தரன்'. அதாவது, ஓசை அழகன்!

காது கேளாதவருக்கு இந்தப் பட்டமா என்று கேட்கத் தோன்றும். 30 ஆண்டுகள் கேட்ட ஓசையை அவர் மனம் சேர்த்து வைத்திருந்தது. சிறு வயதில் உருப்போட்ட வடமொழிச் சுலோகங்கள், வீட்டிலும் கோவிலிலும் கேட்ட பாட்டுகள் எல்லாம் உள்ளே இருந்தன. வெளிக்கதவு மூடிய பிறகும், அந்தக் கையிருப்பில் இருந்து எடுத்து எடுத்துக் கவிதை செய்தார்.

கதகளியைக் காத்தவர்

1920-களில் கதகளி நலிந்து கொண்டிருந்தது. ஆதரித்து வந்த பெரிய வீடுகள் வசதி குறைந்து போயின. ஆங்கிலம் படித்தவர்கள் அதைப் பழங்கால ஆட்டம் என்று ஒதுக்கினார்கள். வேஷக்காரர்கள் வறுமையில் வாடினார்கள். இளைஞர்கள் அந்தக் கலைக்கு வரத் தயங்கினார்கள்.

கதகளியில் வேஷக்காரர் மேடையில் வசனம் பேசுவது இல்லை. பாட்டு பின்னால் நிற்பவர்களுடையது. வேஷக்காரர் 24 அடிப்படை முத்திரைகளாலும், கண்ணாலும், புருவத்தாலும் கதை முழுவதையும் சொல்லி விடுகிறார். விரலால் எழுதிக் காட்டியும் சைகை செய்தும் மற்றவர்கள் சொல்வதைப் புரிந்து கொண்டு வாழ்ந்த வள்ளத்தோளுக்கு, கை பேசும் பேச்சு புதிதல்ல.

மணக்குளம் முகுந்தராஜா அவருக்குத் துணை நின்றார். இருவரும் ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார்கள். லாட்டரி நடத்தியும் பணம் சேர்த்தார்கள். 1930-ம் ஆண்டு குன்னங்குளத்தில் கலாமண்டலம் தொடங்கியது. பிறகு அம்பலபுரத்துக்கு மாறியது. கடைசியில் செறுதுருத்தியில் நிலைத்தது.

பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனன் போன்ற பெரிய ஆசான்கள் அங்கே கற்பித்தார்கள். கலாமண்டலம் கிருஷ்ணன் நாயர், கலாமண்டலம் ராமன்குட்டி நாயர் போன்றவர்கள் அங்கே கற்றுப் புகழ் அடைந்தார்கள். மறைந்து கொண்டிருந்த மோகினி ஆட்டத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1941-ம் ஆண்டு கொச்சி அரசு நிறுவனத்தை ஏற்றுக் கொண்டது. 2006-ம் ஆண்டு அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது.

தேடி வந்த பெருமை

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை ராஜ்ய அரசு மொழிக்கு ஒரு ஆஸ்தான கவியை நியமித்தபோது, தமிழுக்கு நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை அந்தப் பெருமையைப் பெற்றார். மலையாளத்துக்கு வள்ளத்தோள் பெற்றார். மலபார் அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்தது. 1950-ம் ஆண்டு வார்சா நகரில் நடந்த உலக சமாதான மாநாட்டுக்கும் அவர் போய் வந்தார். 1954-ம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். முதுமையிலும் ஓயாமல் ரிக்வேதத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்தார்.

1958-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி, தமது 79-வது வயதில் காலமானார். பாரதப்புழைக் கரையில், பழைய கலாமண்டல வளாகத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

இன்று உள்ள வசதி

வள்ளத்தோளுக்குக் கிடைக்காத வசதிகள் இன்று எளியவர்களுக்கும் எட்டும் தூரத்தில் உள்ளன. ஆனைகட்டியில் இருந்து கோவைக்குப் பஸ்சில் போய் வரும் ஒருவர், ஒரே நாளில் செவிப்புலனை அளந்து கொண்டு திரும்பலாம். எந்தச் சுருதி கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதைக் கருவி கோடு போட்டுக் காட்டி விடும். நடுச்செவியின் எலும்பு இறுகியதால் வரும் கேளாமைக்கு ஆபரேஷன் உண்டு. 1965-ம் ஆண்டு முதல் மைசூரில் பேச்சுக்கும் செவிக்கும் என்றே அகில இந்திய நிறுவனம் ஒன்று இயங்கி வருகிறது.

ஆனாலும் காதுக்குள் இரைச்சல் கேட்டால் அதைப் பேசாமல் பொறுத்துக் கொள்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர் சொன்ன எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது ஆபத்தாக முடியும். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேளாமல் போனால், நாள் கடத்தாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். தாமதம் ஆக ஆக வைத்தியத்தின் பலன் குறையும்.

எல்லாச் சோதனைகளும் செய்த பிறகும், சிலருக்குக் காரணம் தெரியாமலே போகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வள்ளத்தோளின் வாழ்க்கை ஒரு துணை. காது மங்கத் தொடங்கிய பிறகு அவர் ஏறக்குறைய 50 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய பெரும் புகழுக்குக் காரணமான பணிகளில் பெரும்பாலானவை அந்த 50 ஆண்டுகளில் நடந்தவை. கலாமண்டலத்தில் எழும் செண்டை முழக்கமும் அவற்றில் ஒன்று.