செம்பில் பூத்த கவிதை

ஆய்வுக்கூடத்தில் செப்புத் துருவல்மீது நைட்ரிக் அமிலத்தை ஊற்றியதும் செம்பழுப்புப் புகை குபுகுபுவென எழுந்தது. இருமியபடியே சன்னலோரம் ஓடினேன். அத்தகைய புகையின் நடுவே ஆண்டுக்கணக்கில் நின்று கலை வளர்த்த ஒருவர் உண்டென்பதை அன்று நான் அறியேன். பின்னர் நூலகத்தில் அவர் வரலாற்றைப் படித்தேன், வியந்தேன், வருந்தினேன். அவர்தாம் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்.

1757 நவம்பர் 28 அன்று இலண்டன் மாநகரில் காலுறை வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் ஜேம்ஸ் பசையர் என்ற செதுக்குக் கலைஞரிடம் சேர்ந்து 7 ஆண்டுகள் தொழில் பயின்றார். 1782-இல் கேதரினை மணந்தார். திருமணப் பதிவேட்டில் பெயரெழுதத் தெரியாமல் குறியிட்ட அவ்வம்மையாருக்கு எழுத்தறிவித்தார்; அச்சிடவும் வண்ணம் தீட்டவும் பழக்கினார்.

1787-இல் அன்புத் தம்பி ராபர்ட் மறைந்தார். அத்தம்பியே காட்சி தந்து புதியதோர் அச்சுமுறையைக் கற்பித்ததாகப் பிளேக் நம்பினார். அமிலம் தீண்டாத வார்னிஷ் கலவையால் செப்புத் தகட்டில் பாடலையும் படத்தையும் தீட்டுவார். அச்சில் நேராக விழ வேண்டுமே! எனவே எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுதுவார். பிறகு அமிலத்தை ஊற்றுவார். வெற்றிடம் அரிபட, எழுத்தும் படமும் மேடாக நிற்கும். மை தடவி அச்சிட்டுக் கையால் வண்ணமிடுவர். 1789-இல் அவருடைய ‘மாசின்மைப் பாடல்கள்’ இவ்வாறே பிறந்தது. ஆயினும் வறுமை அவரை விடவில்லை.

1827 ஆகஸ்ட் 12 அன்று நோயுற்று மறைந்தார். அமிலப் புகையும் செம்பும் அவர் ஈரலைக் கெடுத்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதினர். அது மெய்ப்பிக்கப்படாத கருத்தே. ஆனால் அப்புகை நஞ்சு என்பதில் ஐயமில்லை.

இன்று அப்புகையின்றியே செம்பில் சித்திரம் தீட்டலாம். ஃபெரிக் குளோரைடு கரைசல் செம்பழுப்புப் புகை கிளப்பாமல் செம்பை அரிக்கும். இன்னொரு வழியும் உண்டு. மயில்துத்தக் கரைசலில் இரு செப்புத் தகடுகளை நிறுத்தி மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால், நேர்முனையிலுள்ள சித்திரத் தகட்டின் செம்பு கரைந்து மற்றதில் படியும். கரைசலை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். எம்முறையாயினும் கழிவைச் சாக்கடையில் கொட்டலாகாது. செம்பு கலந்த நீர் மீனினத்தைக் கொல்லும்.

நண்பர்களே! நாம் கற்கும் வேதியியல் தேர்வுத்தாளோடு முடிவதன்று. கலைஞனின் மூச்சையும் ஆற்று நீரையும் காக்க வல்லது அது. இப்போதெல்லாம் அமிலப் புட்டியைத் திறக்கும்போது முதலில் சன்னலைத் திறக்கிறேன்; பிளேக்கையும் நினைத்துக்கொள்கிறேன்.