மார்கரெட் கசின்ஸ்

மார்கரெட் எலிசபெத் கசின்ஸ் (நவம்பர் 7, 1878 – மார்ச் 11, 1954) அயர்லாந்தில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த பெண்ணுரிமைப் போராளியும் கல்வியாளரும் ஆவார். பெண்களின் வாக்குரிமைக்காக இங்கிலாந்திலும் அயர்லாந்திலும், பேச்சுரிமைக்காக இந்தியாவிலும் சிறை சென்றவர்.

அயர்லாந்தில்

ரோஸ்காமன் மாவட்டத்தின் பாயில் என்னும் ஊரில் பிறந்த இவர் இசையில் பட்டம் பெற்றார். 1903 இல் கவிஞர் ஜேம்ஸ் கசின்சை மணந்தார். 1908 இல் ஹானா ஷீஹி ஸ்கெஃபிங்டனுடன் இணைந்து ஐரியப் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1910 இல் லண்டனில் நடந்த கல்லெறிப் போராட்டத்திற்காக ஹாலோவே சிறையில் ஒரு மாதம் அடைக்கப்பட்டார். 1913 இல் டப்ளின் கோட்டையின் சாளரங்களை உடைத்தமைக்காகத் தல்லமோர் சிறை சென்றார். அங்கு அரசியல் கைதியாக நடத்தக் கோரி உண்ணாநோன்பு இருந்தார்.

சென்னையில்

1915 இல் அன்னி பெசண்டின் அழைப்பை ஏற்றுக் கணவருடன் இந்தியா வந்தார். இங்கு அவரது வழிமுறை மாறியது. 1917 மே மாதம் அடையாற்றில் டோரத்தி ஜினராஜதாசா முதலியோருடன் இந்திய மாதர் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டு டிசம்பரில், சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் இந்தியத் துறைச் செயலர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கோரியது. இதற்கு ஏற்பாடு செய்தவர் மார்கரெட்.

1919 ஆம் ஆண்டுச் சட்டம் இதுபற்றிய முடிவை மாகாணங்களிடமே விட்டது. பிரித்தானிய இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் 1921 இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. எனினும் சொத்துத் தகுதி இருந்ததால் மிகச் சிலரே பயனடைந்தனர். 1926 இல் பெண்கள் போட்டியிடும் உரிமை கிடைத்தபோது, தேர்தலில் நிற்குமாறு கமலாதேவி சட்டோபாத்யாயைத் தூண்டினார். கமலாதேவி சிறு வேறுபாட்டில் தோற்றார். மறு ஆண்டே முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார்.

பிற பணிகள்

1920களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் கௌரவ நீதிபதியாகப் பணியாற்றினார். இந்தியாவில் அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணியாக இவர் கருதப்படுகிறார். 1927 இல் புனேயில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டின் தோற்றத்திற்குக் காரணமானவர்களுள் ஒருவர்.

இறுதிக்காலம்

அவசரச் சட்டங்களை எதிர்த்துச் சென்னைப் பொதுக்கூட்டத்தில் பேசியமைக்காக 1932 இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்று, வேலூர்ச் சிறையில் இருந்தார். நாளடைவில் இயக்கத்தின் தலைமை இந்தியப் பெண்களிடமே இருத்தல் வேண்டும் எனக் கருதிப் பின்னணிக்கு ஒதுங்கினார். பின்னர் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். சொத்துத் தகுதியின்றி வயது வந்த பெண்கள் அனைவரும் வாக்களிக்கும் உரிமை பெற்ற 1951–52 பொதுத் தேர்தலின்போது அவர் உயிருடன் இருந்தார். 1954 இல் சென்னையில் காலமானார்.