38 பெண்களை ஓரணியாக்கிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல்

நம் வீடுகளிலிருந்து எத்தனையோ சகோதரிகள் நர்ஸாகவும் பராமரிப்பு உதவியாளராகவும் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போயிருக்கிறார்கள். உள்ளூரில் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆயாவாக, அட்டெண்டராக வேலை பார்ப்பவர்களும் உண்டு. அவர்களிடம் பேசிப் பாருங்கள். நோயாளியைத் தூக்குவதும் துடைப்பதும் கஷ்டம் என்று பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். கூட வேலை செய்பவர்களோடு ஒத்துப்போவதுதான் கஷ்டம் என்பார்கள். ஷிஃப்ட் மாறும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போனவர், கனமான வேலையை எப்போதும் அடுத்தவர் தலையில் கட்டுபவர், ஒரே ஊர்க்காரர்களாகச் சேர்ந்து கொண்டு மற்றவரை ஒதுக்குபவர் என்று பட்டியல் நீளும்.

ஆண்டுதோறும் மே 12 அன்று செவிலியர் தினத்தில் நினைக்கப்படும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கையும் பெரும்பாலும் இந்தச் சிக்கலோடுதான் கழிந்தது. பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது கையில் விளக்கோடு நடந்த காரிகையை. அந்த விளக்கைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். படங்களில் வரைவது போன்ற எண்ணெய் விளக்கு அல்ல அது. துருக்கியர் பயன்படுத்திய, மடித்து விரிக்கும் கூண்டு விளக்கு, அதாவது ஃபானூஸ்.

1820-ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரே பிள்ளையின் பெயரானது. செல்வந்த ஆங்கிலக் குடும்பம். நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்குப் போகிறேன் என்று மகள் சொன்னபோது வீடு கொந்தளித்தது. அன்று இங்கிலாந்தில் மருத்துவமனைப் பணிப்பெண் என்றால் குடிப்பவள், நம்பத்தகாதவள் என்றுதான் பெயர். பல ஆண்டுகள் வீட்டோடு போராடிய பின் 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில், வசதி குறைந்த கண்ணியமான குடும்பத்துப் பெண்களுக்கான சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் மேற்பார்வையாளரானார்.

அங்கே அவர் முதலில் கேட்டவற்றுள் ஒன்று, சாப்பாட்டை மேல்மாடிக்கு ஏற்றும் ஒரு தூக்கி. பிறகு ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர்க் குழாய், எந்த நோயாளி அழைத்தார் என்று காட்டும் மணி. பணிப்பெண் நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கிக் கொண்டிருந்தால் நோயாளியின் பக்கத்தில் இருப்பது யார் என்பது அவருடைய கேள்வி. ஆட்கள் போதவில்லை என்று புகார் வரும்போது, இருப்பவர்களின் கால்கள் எங்கே வீணாகின்றன என்று முதலில் பார்த்தவர் அவர். இன்று இல்லம் நடத்துபவர்களில் எத்தனை பேர் இப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

நம் வாசகர்களுக்குச் சுவையான இன்னொரு செய்தியும் அங்கே நடந்தது. நிர்வாகக் குழு, ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவர்களை மட்டும் சேர்க்க வேண்டும் என்றது. அப்படியானால் நான் வரவில்லை என்றார் நைட்டிங்கேல். எந்த மதத்து நோயாளியும் வரலாம், அவரவர் பாதிரியாரோ யூத ரப்பியோ முஃப்தியோ வந்து பார்க்கலாம் என்று கடைசியில் முடிவானது. ஒரே நிபந்தனை, வரும் மதகுருவை வாசலில் வரவேற்று, மேலே அழைத்துப் போய், பேசி முடியும் வரை அவரே உடன் இருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருப்பார் போலும்.

1854-ல் ரஷ்யாவுக்கு எதிராக உஸ்மானியப் பேரரசோடு பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து போரிட்டன. காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் கிரிமியாவிலிருந்து கருங்கடல் வழியாக இஸ்தான்பூலின் ஆசியக் கரையான உஸ்குதாருக்குக் கொண்டுவரப்பட்டனர். சுல்தான் மூன்றாம் ஸலீம் காலத்தில் கட்டப்பட்டு, எரிந்து, பின்னர் மீண்டும் கல்லால் எழுப்பப்பட்ட ஸலீமிய்யா படைமுகாமை உஸ்மானிய அரசு பிரிட்டிஷாருக்கு மருத்துவமனையாக்கிக் கொள்ளக் கொடுத்திருந்தது. அங்கே வீரர்கள் கவனிப்பாரின்றிச் சாகிறார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுத, அரசு நைட்டிங்கேலை அனுப்பியது. 1854 நவம்பர் 4 அன்று 38 பெண்களோடு அவர் வந்து இறங்கினார்.

அந்த 38 பேர் யார் என்று பார்த்தால்தான் அவருடைய பாடு புரியும். 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர், அவர்களும் இரண்டு வேறு மடத்தினர். 14 பேர் ஆங்கிலத் திருச்சபையின் இரண்டு வேறு அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். மீதி 14 பேர் கூலிக்கு வந்த மருத்துவமனைப் பணிப்பெண்கள். கன்னியரில் சிலருக்கு ஆன்மாவைக் காப்பதுதான் முதல் வேலை, காயத்தைக் கழுவுவது இரண்டாவது. கூலிக்கு வந்தவர்களில் சிலருக்கு மாலையானால் சாராயம் வேண்டும். ஒரு பணிப்பெண் தனக்குக் கொடுத்த தொப்பி முகத்துக்குப் பொருந்தவில்லை என்று வந்து முறையிட்டார். சுற்றிலும் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த வாரம் அது. இவர்கள் எல்லோருக்குமாகக் கோபுரத்தில் சில சிறிய அறைகள்தாம் கிடைத்தன.

வந்தவுடன் இன்னொரு முட்டுக்கட்டை. ராணுவ மருத்துவர்கள் இந்தப் பெண்களை வார்டுக்குள் விடத் தயாராக இல்லை. நைட்டிங்கேல் சண்டை போடவில்லை. மருத்துவர் கேட்காமல் எந்தப் பெண்ணும் நோயாளியைத் தொடக் கூடாது என்று தன் அணிக்கே கட்டளையிட்டார். கண்ணெதிரே வீரர்கள் துடிக்க, பெண்கள் உட்கார்ந்து சட்டையும் தலையணையும் கட்டுத் துணியும் தைத்தார்கள். அணிக்குள் பலர் அவரைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தார்கள். சில நாட்களிலேயே காயம்பட்டவர்கள் வெள்ளமாக வந்து சேர, மருத்துவர்களே கூப்பிட்டார்கள். அதன் பிறகு அந்தக் கதவு மூடவில்லை. அந்தச் சில நாட்களில் எத்தனை பேர் உதவியின்றித் தவித்தார்கள் என்று எண்ணினால் மனம் சங்கடப்படுகிறது. ஆனாலும் மருத்துவரை எதிரியாக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தால் அத்தனை பேரையும் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

விதிகள் சிலவற்றை வைத்தார். கூலிக்கு வந்த பணிப்பெண்களுக்கு ஒரே சாம்பல் நிற உடை. இரவு எட்டு மணிக்குமேல் பெண்கள் வார்டில் இருக்கக் கூடாது, ஆண் உதவியாளர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கன்னியர் தங்கள் மதத்து வீரரிடம் மட்டுமே மதம் பேசலாம். குடித்தவர்களை ஊருக்கு அனுப்பினார். நார்வுட் மடத்துக் கன்னியர் ஐவரும் விரைவிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே சமயம் பெர்மண்ட்சி மடத்தின் தலைவி மேரி கிளேர் மூர் அவருக்கு வலது கையானார். நிர்வாகத்தில் தன்னைவிட அவரே தகுதியானவர் என்று நைட்டிங்கேல் பின்னாளில் அவருக்கே எழுதினார். காயங்களுக்குக் கட்டுப் போடுவதில் சிறந்தவராக இருந்தவர் கூலிக்கு வந்த திருமதி ராபர்ட்ஸ். 1855 மே மாதம் நைட்டிங்கேல் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது பக்கத்தில் இருந்து காப்பாற்றியவரும் அவரே.

ஆண் உதவியாளர்கள் கதை வேறு. அவர்கள் ராணுவ வீரர்கள், பெரும்பாலும் நோயிலிருந்து தேறியவர்கள். வேலை பழகி வரும்போதே படைக்குத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள், புதியவர் வருவார், மறுபடியும் அரிச்சுவடி. சாப்பாட்டு முறையோ அதைவிட மோசம். ஒவ்வொரு உதவியாளரும் தன் வார்டுக்கான இறைச்சியை நிறுத்து வாங்கி, அடையாளத்துக்குத் துணியோ ஆணியோ கட்டி, பொது அண்டாவில் போடுவார். எலும்போடு நிறுத்ததால் ஒரு நோயாளிக்கு வெறும் எலும்பே வரும். எலும்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று நைட்டிங்கேல் கேட்டதற்கு, அதற்குப் புதிய விதி தேவை என்று பதில் வந்தது. உதவியாளர்களைத் திட்டி என்ன பயன்? நிரந்தரமான, பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்று அவர் விடாமல் எழுதினார். 1855-ல் ராணுவம் அதற்கென மருத்துவப் பணியாளர் படை ஒன்றை அமைத்தது.

இவ்வளவு செய்தும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அங்கே வந்த நோயாளிகளில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். கட்டடம் அடைபட்ட சாக்கடைகளின் மேல் நின்றது. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டம் ஏற்படுத்திய பிறகே ஜூன் வாக்கில் அந்த விகிதம் 2-க்கு இறங்கியது. பணிப்பெண்களின் உழைப்பை மட்டும் சொல்லி இதை மறைப்பது சரியாகாது. நைட்டிங்கேலே ஊர் திரும்பிக் கணக்குகளை ஆராய்ந்து இதை உணர்ந்தார், மீதி வாழ்நாளெல்லாம் சாக்கடையையும் காற்றையும் பற்றி எழுதினார்.

குறையும் உண்டு அவரிடம். 1854 டிசம்பரில் அவரைக் கேட்காமலே 40-க்கும் மேற்பட்ட பெண்களை இன்னொரு குழுவாக அரசு அனுப்பியபோது கொதித்துப் போனார். அதிலிருந்த அயர்லாந்துக் கன்னியரின் தலைவி பிரிட்ஜ்மன் அவருடைய அதிகாரத்தை ஏற்கவே இல்லை. அந்தப் பகை கடைசிவரை தீரவில்லை. இருவரும் திறமைசாலிகள். 1856 மார்ச்சில் ராணுவ ஆணை ஒன்று நைட்டிங்கேலின் அதிகாரத்தை உறுதி செய்தது, ஆனால் ஆணையால் ஒற்றுமை வந்துவிடுமா? சில வாரங்களில் பிரிட்ஜ்மனின் குழு ஊருக்குத் திரும்பிவிட்டது.

போர் முடிந்தது. சுல்தான் அப்துல் மஜீத் அவருக்கு வைரக் காப்பு ஒன்றைப் பரிசளித்தார். நாடு திரும்பிய சிறிது காலத்தில் படுக்கையில் விழுந்தவர், பல ஆண்டுகள் பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வரவில்லை. படுத்துக்கொண்டே எழுதியதுதான் செவிலியர் பணி பற்றிய அவருடைய புகழ்பெற்ற சிறு நூல். அதில் சின்னச் சின்ன நிர்வாகம் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. பொறுப்பில் இருப்பவர் எல்லாவற்றையும் தானே செய்வது பொறுப்பு ஆகாது, ஒரே வேலைக்குப் பல பேரை நிறுத்துவதும் ஆகாது, யாருக்கு எது என்று ஒப்படைத்து அவர் அதைச் செய்கிறாரா என்று பார்ப்பதே பொறுப்பு என்பது அதன் சாரம். நான் இருக்கும்போது நடப்பது நான் இல்லாதபோதும் நடக்குமா என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்ளச் சொன்னார். கிளம்பும்போது அடுத்தவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு சிறு செய்தியால் நோயாளி எத்தனை மணி நேரம் பதறுவார் என்பதை அதில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இந்தக் கொள்கைக்கு உண்மையான சோதனை லிவர்பூலில் வந்தது. அன்று இங்கிலாந்தில் போக்கிடமற்ற முதியவர்கள், நீண்ட நாள் நோயாளிகள், மனநலம் குன்றியவர்கள் எல்லாரும் ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழை விடுதிகளில்தான் கிடந்தார்கள். அவர்களைக் கவனித்தவர்கள் அதே விடுதியில் அடைக்கலம் புகுந்த ஏழைப் பெண்கள். பயிற்சியும் இல்லை, சம்பளமும் இல்லை. 1864 இறுதியில் லண்டன் ஹோல்பர்ன் ஒர்க்ஹவுஸில் கவனிப்பின்றிப் படுக்கைப் புண் வந்த டிமோத்தி டேலி என்ற தொழிலாளி இறந்தது பெரும் பேச்சானது. நைட்டிங்கேல் உடனே அமைச்சருக்கு எழுதினார். லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன் செலவை ஏற்க, 1865-ல் ஆக்னஸ் ஜோன்ஸ் என்ற பெண் 12 பயிற்சி பெற்ற செவிலியரோடு அங்குள்ள ஒர்க்ஹவுஸ் மருத்துவமனைக்குப் போனார். அவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளியில் படித்தவர். லிவர்பூலில் நோயாளிகள் 1,200 பேருக்கும் மேல். இரவில் ஒழுங்கைக் காக்க வார்டுகளில் போலீஸ் சுற்றி வந்த இடம் அது.

திட்டம் நல்ல திட்டம்தான். அங்கிருந்த ஏழைப் பெண்களுக்கே சிறு ஊதியம் கொடுத்து, செவிலியருக்குக் கீழே உதவியாளராகப் பழக்குவது. நடந்தது வேறு. ஊதியம் கைக்கு வந்ததும் பலர் குடித்தார்கள், பலரை நீக்க வேண்டியதாயிற்று. விடுதித் தலைவரோடு ஆக்னஸுக்கு ஓயாத உரசல். நைட்டிங்கேல் படுக்கையிலிருந்தே கடிதம் மேல் கடிதம் எழுதி அவரைத் தணித்தார், தேற்றினார். மெல்ல மெல்ல வார்டுகள் மாறின. போலீஸ் தேவையில்லாமல் போயிற்று, நோயாளிகள் அமைதியாகத் தூங்கினார்கள். 1867-ல் லண்டன் ஏழை நோயாளிகளைத் தனி மருத்துவமனைகளுக்குப் பிரிக்கும் சட்டம் வந்ததில் நைட்டிங்கேலின் விடாமுயற்சிக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஆக்னஸ் எல்லாவற்றையும் தன் தோளில் சுமந்தார். 1868 பிப்ரவரியில் டைஃபஸ் காய்ச்சல் அவரைத் தாக்கியபோது எதிர்த்து நிற்க உடலில் வலு இல்லை. 35 வயதில் இறந்தார். அவருடைய இடத்துக்கு ஆயத்தமான இன்னொருவர் இல்லை. தலைவர் இல்லாதபோதும் வேலை நடக்க வேண்டும் என்று எழுதியவரின் மிகச் சிறந்த மாணவியே, தான் இல்லாவிட்டால் நடக்காது என்ற நிலையில் வேலை செய்து மறைந்தார். அவர் மேல் மட்டும் பழி போட முடியாது. 1,200 நோயாளிகளுக்கு அத்தனை குறைந்த ஆட்களை அனுப்பியவர்களுக்கும் பங்கு உண்டு. அவர் நினைவாக நைட்டிங்கேல் எழுதிய கட்டுரை, அந்த இடத்தை நிரப்பப் பெண்கள் முன்வர வேண்டும் என்ற வேண்டுகோளாகவே இருந்தது. முயற்சி நின்றுவிடவில்லை, லிவர்பூலில் பயிற்சி பெற்ற செவிலியர் பணி தொடர்ந்தது.

அதன் பிறகு நைட்டிங்கேலிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. 1872 முதல் தன் பள்ளி மாணவிகளுக்கு அடிக்கடி ஆண்டு மடல் எழுதத் தொடங்கினார். பொறுப்புக்கு வரப்போகும் பெண்களை ஒருவர் ஒருவராக வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்து, வெகுநேரம் பேசி, ஒவ்வொருவரின் பலமும் பலவீனமும் குறித்து வைத்துக்கொண்டார். வெளியூர் மருத்துவமனைகளில் தலைமைச் செவிலியராகப் போனவர்களுக்கு ஆலோசனைகள் எழுதினார். சிலருக்குப் பழங்களும் பூக்களும் அனுப்பினார். பார்வை மங்கும்வரை இது நடந்தது.

1907-ல் பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது பெற்ற முதல் பெண்ணானார். 1910 ஆகஸ்ட் 13 அன்று 90 வயதில் காலமானார். மன்னர்கள் பலர் அடக்கம் செய்யப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் தருவதாக அரசு சொன்னதைக் குடும்பம் ஏற்கவில்லை. கிழக்கு வெல்லோ கிராமத்தில் குடும்பக் கல்லறையில் அவர் பெயர்கூட முழுதாக இல்லை. இரண்டு முதலெழுத்துகளும், பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டும் செதுக்கியிருக்கிறார்கள்.