இந்தியாவுக்குப் பாடம் நடத்த வந்து, பாடம் படித்த விஞ்ஞானி: யார் இந்த ஆல்பர்ட் ஹோவர்ட்?

இயற்கை விவசாயம் பற்றிப் பேச்சு வந்தாலே உலகம் முழுக்க அடிபடும் பெயர், ஆல்பர்ட் ஹோவர்ட். 1873-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய்களை ஆராய்ந்தார். அங்கேதான் முதல் உறுத்தல்: சொந்தமாகப் பயிர் செய்து பார்க்காமல், ஆய்வகத்தில் உட்கார்ந்தபடியே விவசாயிக்கு எப்படி யோசனை சொல்வது?

பூசாவில் என்ன நடந்தது?

1905-ல் பிகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். பரிசோதனைக்கு நிலம் கிடைத்தது. பக்கத்து ஊர் வயல்களில் பூச்சிமருந்தே இல்லாமல் பயிர் நன்றாக நின்றதைக் கவனித்தார். அந்த விவசாயிகளையே வாத்தியாராக ஏற்றுக்கொண்டார். தாவரவியலாளரான மனைவி கேப்ரியலும் ஆராய்ச்சியில் சம பங்காளி.

பண்ணையில் விளைந்த தீவனத்தைத் தின்ற அவரது உழவு மாடுகள், கோமாரி வந்த மாடுகளோடு மூக்கை உரசியும் நோயில் விழவில்லை என்று எழுதிவைத்தார். இது முறையான சோதனை இல்லைதான். ஆனால் மண், பயிர், மாடு மூன்றின் ஆரோக்கியமும் ஒன்றோடொன்று பிணைந்தது என்ற முடிவுக்கு அவர் வர இதுவும் ஒரு காரணம்.

இந்தூர் முறை என்றால் என்ன?

1924-ல் இந்தூருக்கு மாறினார். அங்கே பெரிய சிக்கல்: சாணத்தில் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்புக்குப் போனது, வயலுக்கு எரு போதவில்லை. இருக்கிற சாணத்தை எப்படிப் பெருக்குவது? பயிர்க் கழிவு, சாணம், கோமியம் ஊறிய கொட்டகை மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கி, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிட்டார். சுமார் மூன்றே மாதத்தில் மக்கிய உரம் ரெடி!

1930-ல் கேப்ரியல் இறந்தார். அடுத்த ஆண்டு, யஷ்வந்த் வாட் உடன் சேர்ந்து இந்த முறையைப் புத்தகமாக வெளியிட்டார் ஹோவர்ட். நாடு திரும்பிய பிறகு, ரசாயன உரத்தை ஆதரித்த விஞ்ஞானிகளோடு கடைசிவரை மல்லுக்கு நின்றார். 1947-ல் மறைந்தார்.

இப்போது ஏன் பேச வேண்டும்?

டிராக்டர் வந்ததும் உழவு மாடுகள் குறைந்தன. பஞ்சாபில் நெல் அறுவடை முடிந்ததும் ஏராளமான வைக்கோல் வயலிலேயே எரிக்கப்படுகிறது. ஹோவர்ட் கணக்கில் அது குப்பையே இல்லை; அடுத்த போகத்துக்கான உரம்.