வானைச் சான்றாகக் கொண்ட வராகமிகிரர்

சோதிடம் என்பது ஏட்டில் உள்ளதை மாறாது ஒப்புவிக்கும் கலை என்றே பலரும் எண்ணுவர். அக்கலைக்கு இலக்கணம் வகுத்த பேரறிஞராகிய வராகமிகிரரோ, ஏடும் வானும் முரணியவிடத்து வானையே சான்றாகக் கொண்டவர். அவர்தம் வரலாறு மாணவர் யாவரும் அறியத்தக்கதாம்.

கி. பி. 6ஆம் நூற்றாண்டிலே, உச்சயினி நகர் விளங்கிய அவந்தி நாட்டில் அவர் வாழ்ந்தார். தந்தையார் ஆதித்தியதாசரே அவருக்கு ஆசிரியருமாவார். விக்கிரமாதித்தன் அவையில் காளிதாசரோடு நவமணிகளுள் ஒருவராக இவரையும் வைத்துப் பேசுவது மரபு. ஆயின் காலக்கணக்கு அதற்கு இடந்தருவதில்லை. பஞ்சசித்தாந்திகையில் கணிதத் தொடக்கமாக அவர் கொண்ட சக ஆண்டு 427, அஃதாவது கி. பி. 505, அவர் காலத்தை உணர்த்தும்.

அந்நூலில் பைதாமகம், வாசிட்டம், உரோமகம், பௌலிசம், சூரியம் என்னும் ஐந்து சித்தாந்தங்களையும் ஒப்புநோக்கி, சூரிய சித்தாந்தமே மிகத் திருத்தமானது எனத் தீர்த்தார். இக்கலையில் வல்ல யவனரும் முனிவர்போலப் போற்றத்தக்கார் என்னும் கருத்தைப் பிருகத்சங்கிதையில் எடுத்துரைத்தார். பிருகத்சாதகத்தில் இடபத்துக்குத் தாவுரி, சிங்கத்துக்கு லேயம், விருச்சிகத்துக்குக் கௌர்ப்பியம் என வரும் பெயர்கள் கிரேக்க மொழிவழி வந்தவையே.

இராசிகளைச் சரம், திரம், உபயம் என வகுக்கும் முறையும் பிருகத்சாதகத்தில் உண்டு. மேடம், கடகம், துலாம், மகரம் என்னும் சரராசிகள் பருவம் திரும்பும் வாயில்கள். இடபம், சிங்கம், விருச்சிகம், கும்பம் என்னும் திரராசிகள், திரும்பிய பருவம் வேரூன்றி நிற்கும் இடங்கள். ஆதலின் நிலைத்து நிற்கவேண்டிய கருமங்களுக்குத் திரராசியை நாடுதல் வழக்காயிற்று. ஞாயிறு அவற்றுட் புகும் வைகாசி, ஆவணி, கார்த்திகை, மாசிப் பிறப்புக்கள் விஷ்ணுபதி புண்ணியகாலம் எனப்படும். கார்த்திகை மழையையும் மாசி அறுவடையையும் கண்ட வன்னி உழவருக்கு இப்பகுப்பின் பொருள் எளிதில் விளங்கும்.

ஞாயிறு தெற்கு நோக்கித் திரும்புவது ஆயிலியத்தின் நடுவில், வடக்கு நோக்கித் திரும்புவது அவிட்டத்தின் தொடக்கத்தில் எனப் பண்டைநூல்கள் விதித்திருந்தன. வராகமிகிரர் காலத்திலோ அத்திருப்பங்கள் கடகத்தின் முதலிலும் மகரத்தின் முதலிலும் நிகழ்ந்தன. அவர் முன்னோரைப் பழிக்கவுமில்லை. தாம் கண்டதை மறைக்கவுமில்லை. பண்டைய நிலையையும் தம் காலத்து நிலையையும் அருகருகே எழுதிவைத்தார். இனியும் மாறுபாடு தோன்றின், உதயத்திலோ அத்தமனத்திலோ தொலைவிலுள்ள அடையாளமொன்றோடு ஞாயிற்றை ஒப்பிட்டும், நட்ட கோலின் நிழலைக் குறித்தும் அறியலாம் என வழியுங் காட்டினார்.

அவர் எங்கும் பிழையாதவர் அல்லர். பூமி சுழல்கின்றது என்ற ஆரியபடர் கொள்கையை, அங்ஙனமாயின் பறவைகள் கூடு திரும்பமாட்டா என மறுத்தார். ஆயினும் கிரகணம் இராகு விழுங்குவதாலன்று, நிழலால் நிகழ்வது எனத் துணிந்துரைத்தவரும் அவரே.

திருப்பங்கள் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகையாகப் பின்வாங்குகின்றன. அவருக்கு முன் 23 பாகைக்கு மேல் நகர்ந்த அவை, அவருக்குப் பின் ஏறக்குறைய 21 பாகை நகர்ந்துள்ளன. இன்று ஞாயிறு வடக்கே திரும்புவது டிசெம்பர் 21 அல்லது 22இல், மார்கழி முதல் வாரத்திலாம். தைப்பிறப்போ சனவரி நடுவில் வருகின்றது. பருவத்தின் வாயில்கள் சரராசிகளை விட்டு உபயராசிகளுள் அமைந்துவிட்டன. இதனால் நட்சத்திரவழி வரும் நம் விழாக்களுக்கு இழுக்கொன்றுமில்லை. இரண்டும் வேறென அறிதலே வேண்டப்படுவது.

அவர் காட்டிய சோதனைக்குப் பெருங்கருவி வேண்டா. கல்லூரி முற்றத்தில் ஒரு கோல் போதும். கிளிநொச்சியில் சித்திரைப் பிறப்பை அண்டியும் ஆவணியிலும் ஞாயிறு உச்சிக்கு வர, நண்பகல் நிழல் கோலடியில் ஒடுங்கும். ஆனியில் தெற்கேயும் மார்கழியில் வடக்கேயும் நீளும். ஓராண்டு அந்நிழலைக் குறித்துவைக்கும் மாணவர், அப்பேரறிஞரின் வழித்தோன்றல் எனப்படத் தக்கவராவர்.